நோயேடும் நோன்பும்



சென்ற ஆடித் திங்களில் நம் உறவினர் இல்லத்துப் பெண்ணொருத்தி விடைபெற வந்திருந்தாள். மருந்தியலில் பட்டம் பெற்றவள். அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஈராண்டு முதுநிலைப் படிப்பில் சேர அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சுகாதாரத் தகவலியல் என்பது அப்படிப்பின் பெயர். 'ஹெல்த் இன்ஃபர்மேடிக்ஸ்' என்று வழங்குகிறார்கள். நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளைக் கணினியில் முறைப்படுத்திக் காப்பதும், அவற்றை ஆராய்ந்து மருத்துவம் சிறக்க வழி காண்பதும் அத்துறையின் பணி.

வீட்டுப் பெரியவர்கள் மிக மகிழ்ந்திருந்தனர். அம்மகிழ்ச்சிக்கு ஒரு தனிக் காரணமும் இருந்தது. தவளையை அறுக்க வேண்டியதில்லை. எலிக்கு ஊசி செலுத்திப் பார்க்க வேண்டியதில்லை. கத்தியும் குருதியும் இல்லை. "மருத்துவத் தொண்டும் ஆயிற்று, உயிர்வதையும் இல்லை. நம் குடும்பத்துக்கென்றே அமைந்த படிப்பு" என்று அவளுடைய தாத்தா நம்மிடம் பெருமையுடன் கூறினார்.

பெண்ணின் முகத்தில் மட்டும் அந்த நிறைவு இல்லை. காலில் விழுந்து எழுந்தவள், நம் அருகில் அமர்ந்து மெல்லக் கேட்டாள்: "பாட்டி, அங்கே லட்சக்கணக்கான நோயாளிகளுடைய குறிப்புகளை எடுத்து ஆராயச் சொல்வார்கள். அவர்களில் ஒருவரையும் நாங்கள் கேட்கப் போவதில்லை. கேட்காமல் எடுப்பது களவு என்று பாடசாலையில் நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்?"

அன்று நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. "சிந்தித்து எழுதுகிறோம் அம்மா" என்று அனுப்பிவைத்தோம். பிள்ளைகள் பலர் இன்று இத்துறையையும் இதனையொத்த துறைகளையும் நாடிச் செல்வதால், அவளுக்கு எழுதிய விடையை இங்கே விரித்துரைப்பது பிற குடும்பங்களுக்கும் பயன்படும் எனக் கருதுகிறோம்.

துறை வளர்ந்த வகை

நோயைப் பற்றிய குறிப்பு எழுதும் வழக்கம் பழையது. அக்குறிப்புகளை ஒன்றுசேர்த்து எண்ணிப் பார்த்தால் தனியொரு மருத்துவருக்குப் புலப்படாத உண்மை புலப்படும் என்பதை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் முதன்மையானவர். கிரிமியப் போரில் வீரர்கள் காயத்தினும் மிகுதியாகத் தடுக்கக்கூடிய நோய்களாலேயே மாண்டனர் என்பதை 1858இல் வண்ண வரைபடத்தால் காட்டினார். எல்லா மருத்துவமனைகளும் ஒரே முறையில் கணக்கு எழுத வேண்டும் என்னும் அவருடைய திட்டம் 1860இல் இலண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டின் முன் வைக்கப்பட்டது. விளக்கேந்திய செவிலியாகவே நாம் அறிந்திருக்கும் அவர், ஏடேந்திய கணக்கராகவும் விளங்கினார்.

கணினி வந்தபின் இது தனிக் கல்வியாயிற்று. செர்மனியில் ஹைடல்பர்க், ஹைல்பிரான் ஆகிய இரு நகரங்களின் உயர்கல்வி நிறுவனங்கள் இணைந்து மருத்துவத் தகவலியலுக்கென்றே ஒரு படிப்பை 1972இல் தொடங்கின. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மருத்துவமனைகள் காகித ஏடுகளை விடுத்துக் கணினிக்கு மாறுவதற்குப் பெரும்பொருள் வழங்கியது. 2008இல் அங்கே நூற்றுக்குப் பத்துக்கும் குறைவான மருத்துவமனைகளே அடிப்படைக் கணினிக் குறிப்பு முறையைக் கொண்டிருந்தன. 2015இல் அது எண்பதைக் கடந்துவிட்டது. அம்முறைகளை அமைக்கவும் காக்கவும் கற்றவர்கள் தேவைப்பட்டனர். முதுநிலைப் படிப்புகள் பெருகியதற்கு இதுவே பெருங்காரணம்.

நோய்களுக்கு உலக சுகாதார நிறுவனம் தந்துள்ள குறியீடுகள், ஒரு மருத்துவமனையின் கணினி மற்றொன்றின் கணினியோடு பேசுவதற்கான மரபுகள், தரவுத் தளங்கள், புள்ளியியல், சட்டம் முதலியவற்றை மாணவர்கள் அங்கே கற்கிறார்கள். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், கணினி கற்றவர் எனப் பல திறத்தாரும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். இத்துணை சிறப்பு வாய்ந்த கல்வியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இதில் இம்சை இல்லை, ஆகவே கவலை இல்லை என்னும் எண்ணம் சரிதானா என்பதையே ஆராய முற்படுகிறோம்.

கணினியின் முன்னும் இம்சை உண்டா?

இம்சை என்பது கத்தியால் மட்டும் நிகழ்வதன்று. உயிர்க்கு ஊறு நேர்வதற்கு நம் ஆசாரியர்கள் காட்டும் வேர் 'பிரமாதம்', அதாவது விழிப்பின்மை. கொல்லும் எண்ணம் இல்லாவிடினும், விழிப்பின்றிச் செய்த செயல் இம்சையின் வாயிலாகும். பார்த்து நடத்தல், வடிகட்டி அருந்துதல், பொருளைப் பார்த்து எடுத்துப் பார்த்து வைத்தல் ஆகிய ஒழுக்கங்கள் யாவும் இக்கருத்தின் மேல் எழுந்தவையே.

இதற்கு இத்துறையிலேயே ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 2002ஆம் ஆண்டு, மருத்துவர்கள் மருந்தாணைகளைக் கையால் எழுதுவதை நிறுத்திக் கணினியில் பதியும் முறை புகுத்தப்பட்டது. நோக்கம் தூயது. கையெழுத்துப் புரியாமையால் நேரும் பிழைகள் நீங்க வேண்டும் என்பதே அது. ஆறே நாட்களில் மருத்துவமனை முழுவதும் மாற்றம் நிறைவேறியது. ஆனால் பிற மருத்துவமனைகளிலிருந்து அவசர நிலையில் கொண்டுவரப்படும் குழந்தைகளுக்கு, அவர்கள் வந்து பதிவான பின்னரே ஆணை பதிய முடிந்தது. முன்பெல்லாம் குழந்தை வழியில் இருக்கும்போதே மருந்து ஆயத்தமாயிருக்கும். மருந்துகளும் நோயாளியின் அருகிலிருந்து மைய மருந்தகத்துக்கு இடம்பெயர்ந்திருந்தன. நோயாளியின் படுக்கையருகே நிற்க வேண்டிய மருத்துவரும் செவிலியரும் திரையின் முன் நின்றனர். விளைவை 2005இல் அம்மருத்துவமனையின் மருத்துவர்களே மறைக்காமல் வெளியிட்டனர். அவ்வாறு கொண்டுவரப்பட்ட குழந்தைகளுள் இறந்தோர் முன்பு 1394 பேருக்கு 39. மாற்றத்தின்பின் 548 பேருக்கு 36. நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவாயிருந்த இறப்பு, ஆறரையாக உயர்ந்தது.

அதே நிறுவனத்தின் மென்பொருளைச் சியாட்டில் நகரக் குழந்தைகள் மருத்துவமனையும் புகுத்தியது. தேவைப்படும் ஆணைத் தொகுப்புகளை முன்னதாகவே அமைத்துக்கொண்டு புகுத்தியதில் அங்கே இறப்பு உயரவில்லை என்று 2006இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. கருவி ஒன்றுதான், கைக்கொண்டவர்களின் விழிப்பு வேறு. எனவே, குருதி காணாத படிப்பு என்பதனாலேயே இதனைத் தீங்கற்ற படிப்பு என்று சொல்லிவிட முடியாது. அறுவை செய்பவர் தம் முன்னே கிடப்பவரின் குருதியைக் காண்கிறார். ஆதலால் அஞ்சி நடக்கிறார். திரையின் முன் அமர்ந்தவருக்கு அந்த அச்சத்தைத் தருவதற்கு எதிரில் ஒருவரும் இல்லை. அவர் அதனைத் தம் உள்ளத்தில் தாமே வளர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வாய்மை நோன்பின் வழுக்கள்

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம், ஒவ்வொரு நோன்புக்கும் ஐந்து அதிசாரங்களை, அதாவது நோன்பில் நேரும் வழுக்களை எடுத்துரைக்கிறது. வாய்மை நோன்புக்குரிய வழுக்களை நாம் பாடசாலையில் பலமுறை கற்பித்திருக்கிறோம். பெண்ணின் வினாவுக்குப்பின் மீண்டும் எடுத்து நோக்கியபோது, அவை மருத்துவமனைக் கணினிக்கென்றே வகுக்கப்பட்டனவோ என்று வியந்தோம். பொய்யாவணம் எழுதுதல் ஒரு வழு. பிறர் மறைவாக வைத்ததை வெளிப்படுத்துதல் ஒரு வழு. ஒப்படைத்த பொருளைத் தமதாக்கிக்கொள்ளுதல் ஒரு வழு. முகக்குறிப்பாலும் சைகையாலும் ஒருவர் உள்ளத்தை ஊகித்து அதனை அம்பலமாக்குதலும் ஒரு வழு. இவை வாய்மைக்கு ஏன் வழுவாயின என்று இளம்பருவத்தில் நாமும் வினவியதுண்டு. மறைவை வெளியிடுபவர் உண்மையைத்தானே சொல்கிறார்? உயிர்க்கு ஊறு செய்யும் உண்மை வாய்மையாகாது என்பதே இதற்கு நம் முன்னோர் கண்ட விடை.

முதலில் பொய்யாவணத்தை நோக்குவோம். நோயாளியைக் கண்ட ஒவ்வொரு முறையும் மருத்துவர் புதிதாக எழுத வேண்டும். கணினியிலோ நேற்றைய குறிப்பை அப்படியே படியெடுத்து இன்றைய தேதியில் ஒட்டிவிடலாம். சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதனை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டனர். குறிப்புகளிலிருந்த எழுத்துகளில் நூற்றுக்கு 18 மட்டுமே புதிதாகக் கையால் எழுதப்பட்டவை; 46 படியெடுத்து ஒட்டப்பட்டவை; எஞ்சியவை கணினியின் பிற பகுதிகளிலிருந்து தாமே வந்து சேர்ந்தவை. படியெடுத்தவர் பொய் கூற எண்ணவில்லை. எனினும், நேற்றிருந்த வீக்கம் இன்று வடிந்திருக்க, ஏடு மட்டும் வீக்கம் உண்டு என்று சொல்லுமானால் அது பொய்யேடன்றி வேறென்ன? அவ்வேட்டை நம்பி அடுத்த மருத்துவர் மருந்து தருகிறார். இத்துறையைக் கற்பவர் அமைக்கும் திரைதான் படியெடுத்தலை எளிதாக்குகிறது, அல்லது அரிதாக்குகிறது.

இனி, சைகையால் ஊகித்து அம்பலமாக்கும் வழு. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர் காப்பீட்டைக் கவனிக்கும் அமைப்பொன்று, ஊழியர்களின் மருத்துவக் குறிப்புகளைப் பெயரும் முகவரியும் நீக்கி ஆய்வாளர்களுக்கு அளித்து வந்தது. பெயர் இல்லாததால் யாருக்கும் தீங்கில்லை என்று கருதினர். அப்போது எம்.ஐ.டி. எனப்படும் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டமேற்படிப்பு மாணவியாயிருந்த லட்டான்யா ஸ்வீனி 1997இல் அதனைச் சோதித்துப் பார்த்தார். கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். மருத்துவக் குறிப்பில் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் எஞ்சியிருந்தன. வாக்காளர் பட்டியலிலும் அவை மூன்றும் இருந்தன. மாநில ஆளுநர் வில்லியம் வெல்டு பிறந்த நாளில் பிறந்தவர்கள் அந்நகரில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் வாழ்ந்தவர் அவர் ஒருவரே. ஆளுநரின் நோய்க்குறிப்பு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்க மக்களில் நூற்றுக்கு 87 பேரை இம்மூன்று செய்திகளாலேயே தனித்து அடையாளம் காணலாம் என்று அவர் பின்னர் கணக்கிட்டுக் காட்டினார்.

ஸ்வீனி அம்மையார் யாரையும் இழிவுபடுத்த இதனைச் செய்யவில்லை. ஓட்டையைக் காட்டி அடைக்கச் செய்தார். 2003இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு மருத்துவ இரகசிய விதிகள், நீக்கப்பட வேண்டிய அடையாளங்கள் 18 என்று வகுத்துள்ளன. அவற்றுள் பிறந்த நாளும் ஒன்று. பெயரை அழித்துவிட்டோம், இனி அது யாருடைய நோயும் அன்று என்று எண்ணுதல் எத்துணைப் பிழை என்பதற்கு இந்நிகழ்ச்சி என்றும் சான்றாகும்.

ஓர் ஏட்டின் கதை

இவ்விடத்தில் நம் வாழ்வில் நேர்ந்த ஒன்றைக் கூறாமல் மேலே செல்வது நேர்மையாகாது.

1978ஆம் ஆண்டு நாம் ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆசிரியையாயிருந்தோம். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் வருகைப் பதிவேட்டை அடித்தல் திருத்தலின்றி எழுதப் பயின்றிருந்தோம். அதில் நமக்குச் சிறிது செருக்கும் உண்டு. வகுப்பில் ஒரு மாணவி அடிக்கடி வரவில்லை. அவளுடைய தாயார் ஒருநாள் மாலை, எல்லோரும் சென்றபின் வந்து, முந்தானையில் முடிந்திருந்த மருத்துவமனைச் சீட்டை எடுத்துக் காட்டினார். பெண்ணுக்கு வலிப்பு நோய். மருந்து உட்கொண்டு வருகிறாள், குறைந்தும் வருகிறது. நாளை மணம் பேசவேண்டிய பெண்ணாதலால் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாம் வாக்களித்தோம். வாக்குப்படி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

ஆனால் பதிவேட்டில், அவள் பெயருக்கு நேரே, விடுப்பின் காரணத்தைச் சிவப்பு மையில் எழுதினோம். அது சரியான பதிவு. ஆய்வாளர் வந்தால் காட்ட வேண்டியது என்று கருதினோம். அப்பதிவேடு ஆசிரியர் அறை மேசையில் திறந்து கிடக்கும். வகுப்புத் தலைவிதான் அதனை எடுத்து வருவாள், எடுத்துச் செல்வாள்.

பத்து நாட்களுக்குள் அவள் அருகில் ஒருவரும் உட்காரவில்லை. தண்ணீர்ப் பானையைத் தொடவிடவில்லை. ஒரு திங்களில் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நாம் வீடு தேடிச் சென்றோம். தாயார் நம்மை உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார், கோபிக்கவில்லை. "டீச்சரம்மா, உங்களை நம்பித்தானே சொன்னேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அப்பெண் அதன்பின் பள்ளிக்கு வரவே இல்லை. நன்றாகக் கணக்குப் போடுவாள்.

நாம் பொய் எழுதவில்லை. புறங்கூறவில்லை. தீய எண்ணம் கடுகளவும் இல்லை. ஆயினும் ஒரு குழந்தையின் கல்வி நம் கையாலேயே முடிந்தது. பிரமாதம் என்னும் சொல்லின் பொருளை நமக்குக் கற்பித்தது நூலன்று. அந்தச் சிவப்பு மை. ஒரு பதிவேட்டின் ஒரு வரி இத்துணைத் தீங்கு செய்யுமானால், லட்சம் பேரின் ஏடு ஒரே பெட்டியில் அடங்கியிருக்கும்போது அதனைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து செல்பவரின் பொறுப்பு எத்தகையது!

கேட்காமல் எடுத்தல் களவா?

இனிப் பெண்ணின் வினாவுக்கு வருவோம். உரியவர் ஈயாததைக் கொள்ளுதல் களவு என்பது நம் சமயத்தின் தெளிவான கொள்கை. மறைந்திருந்து எடுத்தாலும் வெளிப்படையாக எடுத்தாலும், ஈயாதது ஈயாததே. இவ்வையம் வீண் ஐயமும் அன்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்னும் ஊரில், 1932 முதல் 1972 வரை நாற்பதாண்டுகள், ஏறத்தாழ அறுநூறு கறுப்பின ஆடவரை அரசு சுகாதாரத் துறையினர் ஆராய்ந்து வந்தனர். அவர்களுள் 399 பேருக்கு மேகநோய் இருந்தது. உண்மை நோக்கத்தை அவர்களிடம் உரைக்கவில்லை. நோயைத் தீர்க்கும் பென்சிலின் வந்த பின்னரும் அவர்களுக்கு அளிக்கவில்லை. குறிப்புகள் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தன. மனிதர் ஏட்டுக்காக வாழும் நிலை அங்கே நேர்ந்தது. அக்கொடுமை வெளிப்பட்டபின், மனிதரைக் குறித்த ஆய்வுகளை ஆராய்ந்து ஒப்புதல் தரும் குழுக்களை வலியுறுத்தும் சட்டம் அங்கே 1974இல் பிறந்தது.

எனினும், ஒரு பக்கம் மட்டும் நோக்குவது அநேகாந்தம் அறிந்தோர்க்கு அழகன்று. மறுபக்கத்தையும் காண்போம். மூட்டுவலிக்கென வையாக்ஸ் என்னும் மருந்து 1999இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. உட்கொண்டவர்களுள் ஒருவருக்கு மாரடைப்பு நேர்ந்தால், முதுமையால் நேர்ந்தது என்றே குடும்பத்தார் எண்ணுவர். மருத்துவரும் அவ்வாறே எண்ணக்கூடும். மருந்தாய்வொன்றில் தீங்கு வெளிப்பட்டு 2004 செப்டம்பரில் அது விலக்கப்பட்டது. கலிபோர்னியாவில் ஏறத்தாழ 14 லட்சம் பேரின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த மற்றோர் ஆய்வும் அம்மருந்தால் இதயநோய் மிகுதியாயிற்று என்பதை உறுதிப்படுத்தியது. அது 2005இல் வெளிவந்தது. அந்த 14 லட்சம் பேரையும் தனித்தனியே கேட்டுத்தான் ஆராய வேண்டும் என்றிருந்தால், அவ்வாய்வு நிகழ்ந்திராது.

நம் சமயம் போற்றும் நால்வகைத் தானங்களுள் மருந்து ஈதல் ஒன்று. நூல் ஈதல் ஒன்று. நம் சான்றோர் இவ்விரண்டையும் ஒருங்கே கண்டவர்கள். ஏலாதி, சிறுபஞ்சமூலம் என மருந்தின் பெயராலேயே அறநூல்களை யாத்தளித்தவர்கள் சமணப் பெரியோரே அன்றோ? ஒருவருடைய நோயின் அனுபவம் மற்றவர்க்கு மருந்தறிவாக ஆவது, இவ்விரு தானங்களும் ஒன்றுகூடிய நிலையாகும். அதனைத் தடுப்பதும் குற்றமே. தானத்துக்கு இடையூறு செய்வது அந்தராய கருமத்தைக் கட்டும் என்று கற்றிருக்கிறோம். "என் ஏட்டை எவரும் தொடலாகாது, பிறர் ஏட்டால் விளைந்த மருந்து மட்டும் எனக்கு வேண்டும்" என்பது இல்லறத்தார்க்கு முறையாகுமா?

அப்படியாயின் எல்லை எங்கே? நம் ஊர் வழக்கிலேயே விடை இருக்கிறது. பொதுநீரையும் மண்ணையும் ஒருவர் எடுத்தால் அதனைக் களவென்று இல்லறத்தார்க்கு நம் மரபு சொல்வதில்லை. ஊருணி நீரை யாரும் முகக்கலாம். வீட்டுக்குள்ளிருக்கும் கிணற்றில் கேளாமல் இறங்கலாகாது. பல்லாயிரவர் குறிப்பிலிருந்து திரண்டு, எவரையும் சுட்டாத பொதுவறிவு ஊருணி நீர். ஒருவரைச் சுட்டிக் காட்டக்கூடிய தனிக்குறிப்பு வீட்டுக் கிணறு. ஊருணியும் தானாகவே பொதுவாகிவிடுவதில்லை. ஊரார் கூடி இது பொது என்று வைத்ததனாலேயே பொதுவாகிறது. அதற்குச் சட்டமும், ஆய்வுக்கு ஒப்புதல் தரும் குழுவும் வேண்டும். நோயாளிகளின் சார்பில் பேசுவோரும் அக்குழுவில் இருக்க வேண்டும். அத்தகைய ஒப்புதலோடு, எவரையும் சுட்டாதவாறு, பொதுநலனுக்கே கொள்வது ஈந்ததைக் கொள்ளுதலோடு ஒக்கும். கேட்கக்கூடிய இடத்தில் கேளாமல் கொள்வதும், ஒன்றுக்கெனப் பெற்றதை வேறொன்றுக்கு விற்பதும் களவே. இதில் நமக்கு ஐயமில்லை.

கள்ள அளவை

கள்ளாமை நோன்பின் வழுக்களுள் மற்றொன்றையும் இங்கே நினைவூட்ட வேண்டும். அளவிலும் எடையிலும் கூட்டிக் குறைத்தல் அது. மரக்காலும் படிக்கல்லும் வைத்து வாணிகம் செய்தோர்க்குச் சொன்னது என்று எண்ணியிருந்தோம்.

அமெரிக்காவில் கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்பதைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள் ஒன்று பரவலாக வழங்கியது. அது நோயின் கடுமையை நேரே அளக்கவில்லை. ஒருவருக்காகச் செலவான பணத்தைக் கொண்டு அளந்தது. அதே நோயிருந்தும் கறுப்பின மக்களுக்குச் செலவிடப்பட்ட பணம் குறைவு. ஆகவே அவர்கள் நோய் குறைந்தவர்கள் என்று கணக்கு கூறியது. 2019இல் 'சயின்ஸ்' இதழில் ஓபர்மையர் முதலிய ஆய்வாளர்கள் இதனை வெளிப்படுத்தினர். பிழை திருத்தினால், கூடுதல் உதவி பெறுவோருள் கறுப்பினத்தார் நூற்றுக்கு 17.7இலிருந்து 46.5 ஆக உயர்வர் என்று காட்டினர். படிக்கல்லைக் குறைத்தவர் என்று எவரையும் சுட்ட இயலாது. ஆயினும் குறைந்த படிக்கல்லால் அளந்து கொடுக்கப்பட்டது உண்மை. எதைக் கொண்டு அளக்கிறோம் என்று கேளாமல் அளப்பதும் வழுவே என்பதை இத்துறை மாணவர் முதற்பாடமாகக் கொள்ள வேண்டும்.

பெண்ணுக்கு எழுதிய விடை

இவற்றையெல்லாம் எண்ணியபின் அவளுக்கு எழுதியதன் சுருக்கம் இது.

"அம்மா, நீ தேர்ந்த படிப்பு நற்படிப்பு. அதனை விட வேண்டாம். ஆனால் இம்சையில்லாப் படிப்பு என்று யார் சொன்னாலும் அதில் மயங்காதே. உன் முன்னே வரும் ஒவ்வோர் ஏடும் ஒப்படைக்கப்பட்ட பொருள். அடைக்கலப் பொருளைக் காப்பவர் அதனைத் தம்முடையதென்று கொள்வதும் இல்லை. வேண்டாததென்று தெருவில் வைப்பதும் இல்லை. இரண்டாவதாக, பொருள்வரைதல் நோன்பை அங்கேயும் கைக்கொள். தேவைக்கு மேற்பட்ட செய்தியைத் திரட்டாதே. என்றேனும் பயன்படும் என்று சேர்த்து வைப்பது, பொன்னைச் சேர்ப்பது போன்ற பற்றே ஆகும். வேலைக்கு வேண்டிய அளவு மட்டுமே காண்க என்று நீ செல்லும் நாட்டின் விதிகளே சொல்கின்றன. நம் விரதமும் அதனையே சொல்கிறது. மூன்றாவதாக, அளவையை ஐயுறு. கணக்கு யாரை விட்டுவிட்டது என்று முடிவுக்கு முன் ஒருமுறை கேள். நான்காவதாக, யார் எந்த ஏட்டை எப்போது திறந்தார் என்பதைக் கணினி பதிந்து வைக்கும் என்று நீ சொன்னாய். அது பிறர் உன்னைத் தணிக்கை செய்வது. நாம் செய்யும் பிரதிக்கிரமணம் நம்மை நாமே தணிக்கை செய்வது. அன்றாடம் உறங்குமுன், இன்று எந்த ஏட்டைத் தேவையின்றித் திறந்தேன் என்று உன்னையே கேட்டுக்கொள். முதல் தணிக்கையை ஏமாற்றலாம். இரண்டாவதை ஏமாற்ற இயலாது."

இம்மடல் அவளுக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டிலும் ஆயுஷ்மான் பாரத் மின்னணு இயக்கம் 2021இல் தொடங்கப்பட்டு, பதினான்கு இலக்க நலவாழ்வு எண்கள் வழங்கப்பட்டு வருகின்றன. தனிமனிதத் தரவுகளைக் காக்கும் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. நம் குடும்பங்களின் நோயேடுகளும் கணினிக்குள் செல்கின்றன. பகிர்வதற்கு ஒப்புதல் கேட்கும்போது, படிக்காமல் விரல் வைத்துவிடுவதும் விழிப்பின்மையே. எதற்கு, யாருக்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்பது நம் உரிமை. பொதுநலனுக்கு என்று தெளிந்தால் மனமுவந்து ஈவது நம் கடமை. மணம் பேசும் இடங்களில் பிறர் வீட்டு நோயைத் துருவி அறிந்து பரப்பும் பழக்கத்தையும் நாம் இத்தோடு விட்டொழிக்க வேண்டும். கணினிக்கு விதி வகுக்குமுன் நம் நாவுக்கு விதி வகுப்பது முறை.

தசலட்சண பருவம் நிறைவுறும் நாளில் நாம் ஒருவரையொருவர் மன்னிப்பு வேண்டுகிறோம். ஆண்டுதோறும் அந்நாளில் நம் நினைவில் முதலில் தோன்றுவது, எட்டாம் வகுப்பில் மூன்றாம் வரிசையில் தனியே அமர்ந்திருந்த அந்தச் சிறுமியின் முகமே. அவள் எங்கிருக்கிறாள் என்று நமக்குத் தெரியாது. இன்று அவளுக்கும் பேரக்குழந்தைகள் இருக்கக்கூடும். அவளிடம் நேரில் கேட்க இயலாத மன்னிப்பை, ஏடுகளைக் கையாளப் புறப்படும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் எச்சரிக்கையாக இங்கே எழுதி வைக்கிறோம்.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!